கீமோ ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

புற்றுநோய் என்றாலே எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் எமது கிராமங்களில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆனால் இளம் வயதில் வரும் சில புற்றுநோய்களைப் பொறுத்தவரை அது இன்று உண்மையல்ல. விதையில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களையே பிடிக்கிறது. 1970களில் சிஸ்பிளாற்றின் என்ற மருந்து பயன்பாட்டுக்கு வந்த பின்னர், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் அந்த நோயிலிருந்து பிழைத்துக்கொள்கிறார்கள். நிணநீர்க்கணுக்களில் வரும் ஹொட்ஜ்கின் நோயும், சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்களில் பெரும்பகுதியும் இவ்வாறே குணப்படுத்தக்கூடியவை.

ஆகவே இருபத்திரண்டு வயதில் நோய் கண்டு இருபத்து மூன்று வயதில் சுகமாகி வீடு திரும்பும் ஒரு இளைஞன் இன்னும் ஐம்பது வருடம் வாழக்கூடும். தொழில் செய்வான், கலியாணம் முடிப்பான். பிறகு இரண்டு மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லையே என்று இருவரும் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கும்போதுதான், உயிரைக் காத்த மருந்தே தகப்பனாகும் வாய்ப்பை எடுத்துவிட்டது என்று தெரியவரும். அதற்கிடையில் ஊர்ப் பேச்சும் ஏச்சும் பெரும்பாலும் மனைவியின் தலையில்தான் விழுந்திருக்கும். இந்த இழப்புக்கு எதிராக நம்பத்தக்க வழி ஒன்று பல பத்து வருடங்களாகவே உண்டு. அதற்கு ஒரேயொரு நிபந்தனை: முதலாவது கீமோ ஏற்றுவதற்கு முன்னர் அதைச் செய்துவிட வேண்டும்.

மருந்து விதையில் என்ன செய்கிறது?

புற்றுநோய்க் கலங்கள் வேகமாகப் பெருகுபவை. கீமோ என்று நாம் சொல்லும் இரசாயன சிகிச்சை, பெருகிக்கொண்டிருக்கும் கலங்களைத் தேடி அடிக்கிறது. ஆனால் எது நல்ல கலம், எது கெட்ட கலம் என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. தலைமயிர் உதிர்வதும், வாய் புண்ணாவதும், இரத்தம் குறைவதும் இதனால்தான். விதையும் இரவு பகலாக வேலை நடக்கும் இடம். அங்கே ஒரு விந்தணு உருவாகி முற்ற ஏறக்குறைய இரண்டரை மாதம் எடுக்கும். ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் அவை உருவாகின்றன.

வயல் செய்கிறவர்களுக்கு இதை இலகுவாக விளங்கப்படுத்தலாம். விதைக்குள் இரண்டு வகைக் கலங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும் நாற்று. மற்றது மூட்டையில் கட்டி வைத்த விதைநெல். கீமோ எதுவானாலும் நாற்று அழியும். விதைநெல் தப்பினால், சில மாதங்களிலோ சில வருடங்களிலோ மறுபடி நாற்று முளைக்கும். விதைநெல்லே எரிந்துவிட்டால் பிறகு எத்தனை மழை பெய்தும் பயனில்லை. அந்த விதைநெல்தான் மூலக் கலங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பொறுத்தே அவை தப்புவதும் தப்பாததும்.

இதில் மருந்துக்கு மருந்து பெரிய வித்தியாசம் உண்டு. சைக்ளோபொஸ்பமைட், புறோகாபசீன், குளோராம்பியூசில், பியூசல்பான், மெல்பலான் ஆகியவை மூலக் கலங்களையே தாக்கும் இனத்தைச் சேர்ந்தவை. ஹொட்ஜ்கின் நோய்க்கு ஒரு காலத்தில் கொடுக்கப்பட்ட, புறோகாபசீன் அடங்கிய நால்மருந்துச் சிகிச்சையைப் பெற்ற ஆண்களில் மிகப் பெரும்பாலானோர் மலடாயினர். பின்னர் இத்தாலியின் மிலான் நகரில் வகுக்கப்பட்ட வேறொரு நால்மருந்துச் சிகிச்சை அதே நோயை நன்றாகவே குணமாக்கியது. அதைப் பெற்றவர்களில் அநேகருக்கு விந்தணு திரும்பி வந்தது. சிஸ்பிளாற்றின் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விதைப் புற்றுநோய்க்கு அதைப் பெற்றவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் விந்தணு மீள்கிறது, எல்லோருக்கும் அல்ல. எலும்புமச்சை மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கப்படும் கடும் அளவு மருந்துகளே மிகவும் ஆபத்தானவை. ஊரில் 'கரண்ட் பிடித்தல்' என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சை அடிவயிற்றுக்கோ இடுப்புக்கோ கொடுக்கப்படுமானால் அதுவும் சேர்ந்துகொள்ளும். அந்நேரம் விதைக்கு ஈயக் கவசம் வைக்கலாமா என்று கேட்பது நல்லது.

சைக்ளோபொஸ்பமைட் புற்றுநோய்க்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. சில சிறுநீரக நோய்களுக்கும், உடலே உடலை எதிர்க்கும் லூபஸ் போன்ற நோய்களுக்கும் அதைக் கொடுப்பார்கள். 'எனக்குப் புற்றுநோய் இல்லைத்தானே' என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

இது புதிதாகக் கண்டறிந்த விடயமும் அல்ல. கீமோ மருந்துகளின் மூதாதை முதலாம் உலகப் போரில் பயன்பட்ட கடுகு வாயு. அதன் வழித்தோன்றலான மருந்து 1940களில் நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டது. இறந்த நோயாளிகளின் விதைகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது விந்தணு உற்பத்தி நின்றுபோயிருந்தது 1948இலேயே எழுதி வைக்கப்பட்டுள்ளது. விதை இரசாயனத்துக்கு எவ்வளவு இலகுவில் இரையாகும் என்பதை 1977இல் கலிபோர்னியாவில் பூச்சிகொல்லித் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் உலகுக்குக் காட்டினார்கள். வேரைத் தாக்கும் வட்டப்புழுவை ஒழிக்க டிபிசிபி என்ற மருந்து அங்கே தயாரிக்கப்பட்டது. 'எங்களில் ஒருவருக்கும் பிள்ளை பிறக்கவில்லையே' என்று தொழிலாளர்கள் தமக்குள் கதைத்துக்கொண்டதிலிருந்துதான் உண்மை வெளிவந்தது. அவர்கள் கதைத்திராவிட்டால் இன்னும் எத்தனை காலம் அது மறைந்து கிடந்திருக்குமோ!

ஆண்மை வேறு, கருவளம் வேறு

இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. விதைக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று விந்தணுவை ஆக்குவது, மற்றது ஆண்மை ஓமோனைச் சுரப்பது. ஓமோனைச் சுரக்கும் கலங்கள் அவ்வளவு வேகமாகப் பெருகுவதில்லை. ஆகவே அவை கீமோவுக்குப் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. மீசை, குரல், இல்லற நாட்டம், உறவுகொள்ளும் இயலுமை எல்லாம் முன்போலவே இருக்க, விந்தணு மட்டும் இல்லாமற் போகலாம். இதனால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. 'எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று சிலர் பரிசோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், கீமோ ஏற்றினால் ஆண்மை போய்விடுமாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சிகிச்சைக்கே போக மறுக்கிறார்கள். இரண்டாவது தவறு உயிரையே வாங்கிவிடும்.

மருந்தால் தடுக்க முடியாதா?

விதையைக் கொஞ்ச நாள் 'உறங்க வைத்தால்' மருந்து அதைத் தாக்காது என்று விஞ்ஞானிகள் எண்ணினார்கள். ஓமோன் ஊசி போட்டு எலிகளில் செய்து பார்த்த சோதனைகள் 1980களில் பெரிய நம்பிக்கையைத் தந்தன. மனிதரில் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. அமெரிக்காவின் மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2006இல் இது பற்றி வழிகாட்டல் வெளியிட்டபோது, ஆண்களுக்கு ஓமோன் காப்பு பயன் தருவதில்லை என்று எழுதியது. பின்வந்த திருத்தங்களிலும் அந்த நிலைப்பாடு மாறவில்லை. விதையைக் காக்கும் என்று சொல்லி விற்கப்படும் லேகியங்களுக்கும் சத்து மாத்திரைகளுக்கும் அத்தகைய சான்று இல்லை. சில கீமோ மருந்தின் வேலையைக் குழப்பவும் கூடும். சோர்வு தீரவென்று தாமாகவே ஆண்மை ஓமோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து அந்த ஓமோன் வந்தால் விதை தன் வேலையை இன்னும் குறைத்துக்கொள்ளும். எஞ்சியிருந்த விந்தணுவும் போய்விடும்.

எஞ்சியிருக்கும் நிச்சயமான வழி ஒன்றுதான். விந்தை முன்கூட்டியே எடுத்து உறைய வைத்துக்கொள்வது.

மாட்டுப் பண்ணையில் தெரிந்த வழி

பால்மாடு வளர்ப்பவர்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. மாடு வேட்கைக்கு வந்தால் மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லியனுப்புகிறோம். உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் ஒரு குடுவையைக் கட்டிக்கொண்டு வருவார். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை எழும். உள்ளே திரவ நைதரசன், மறை 196 பாகை செல்சியஸ் குளிர். அதற்குள் கிடக்கும் மெல்லிய குழாய்களில் எங்கோ ஒரு பண்ணையில் நிற்கும் நல்லினக் காளையின் விந்து. சிலவேளை அந்தக் காளை எப்போதோ செத்திருக்கும், கன்று மட்டும் பிறந்துகொண்டிருக்கும்.

இந்த வழி பிறந்த கதையும் சுவையானது. விந்து உறையும்போது உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி அணுவைக் கிழித்துவிடும். இலண்டனில் கிறிஸ்தோபர் பொல்ஜ் என்ற இளம் ஆய்வாளர் சேவலின் விந்தை ஒரு சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துப் பலமுறை தோற்றார். ஒருநாள் திடீரென்று அணுக்கள் உயிரோடு நீந்தின. என்ன நடந்தது என்று பார்த்தால், போத்தலில் இருந்தது சர்க்கரையே அல்ல. யாரோ துண்டை மாற்றி ஒட்டியிருந்தார்கள். உள்ளே கிளிசரின் இருந்தது. 1949இல் அந்த முடிவு வெளியானது. நான்கு வருடங்களில், 1953இல், அமெரிக்காவின் அயோவாவில் பஞ்ச், ஷேர்மன் என்ற இருவர் உறைய வைத்த மனித விந்தால் கருத்தரிப்பு உண்டானதை அறிவித்தார்கள். 1992இல் பிரசல்ஸ் நகரிலிருந்து இன்னொரு முன்னேற்றம் வந்தது. ஒரேயொரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறை அது. நோயினால் ஏற்கெனவே விந்தணு குறைந்துபோன ஆண்களுக்கு இது பெரும் வாய்ப்பு. விதைப் புற்றுநோய் வந்தவர்களிடம் சிகிச்சைக்கு முன்னரே விந்தணு குறைவாக இருப்பது வழக்கம். முன்பு 'இது போதாது' என்று தள்ளப்பட்ட விந்து இப்போது போதுமானது.

உறைந்த விந்துக்கு வயது ஏறுவதில்லை. இங்கிலாந்தில் 1979இல், பதினேழு வயதில், விதைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் ஒருவர் சேமித்த விந்து 21 வருடம் உறைந்து கிடந்த பின் எடுக்கப்பட்டு, 2002இல் ஆரோக்கியமான குழந்தை பிறந்தது.

செய்முறை

இரண்டு மூன்று நாள் விலகியிருந்து, ஆய்வுகூடத்தில் அதற்கென உள்ள தனியறையில் தானே விந்தை எடுத்துக் கிருமி நீக்கிய கிண்ணத்தில் கொடுக்கவேண்டும். சவர்க்காரம், எண்ணெய், எச்சில் எதுவும் சேரக்கூடாது. சாதாரண ஆணுறையும் உதவாது, அதிலுள்ள பூச்சு விந்தணுவைக் கொல்லும். விந்து வெளிவந்து ஒரு மணித்தியாலத்துக்குள், உடற்சூடு ஆறாமல், ஆய்வுகூடத்தில் சேரவேண்டும். ஆகவே வன்னியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ போத்தலில் எடுத்துக் கொழும்பு பஸ்ஸில் அனுப்பும் காரியம் அல்ல இது, ஆளே போகவேண்டும். எச்.ஐ.வி., ஈரலழற்சி, மேகநோய் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். ஓரிரு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை கொடுத்தால் நல்லது. அவகாசம் இல்லையென்றால் ஒரு தடவையே போதும். விலகியிருக்க நாள் இல்லையென்றாலும் கொடுக்கலாம், ஒன்றுமில்லாததிலும் அது மேல்.

கடுமையான இரத்தப் புற்றுநோயில் சிகிச்சையை ஒரு நாளும் தள்ளிப்போட முடியாமல் இருக்கலாம். அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும், அவர் சொல்வதற்கு மேலால் போகக்கூடாது. ஆனால் அநேக நோய்களில் நோய் உறுதியான நாளுக்கும் முதல் கீமோவுக்கும் இடையில் ஸ்கான், இரத்தப் பரிசோதனை, கட்டில் கிடைத்தல் என்று சில நாட்கள் எப்படியும் கழிகின்றன. அந்த நாட்களே இதற்குப் போதும். 'முதல் ஊசி போட்டாயிற்று, இரண்டாவதுக்கு முன் எடுப்போம்' என்பது சரிவராது. மருந்து பட்ட விந்தணுவின் பரம்பரையலகுகள் பழுதுபட்டிருக்கக்கூடும்.

யார் கேட்பது?

தடை தொழினுட்பத்தில் இல்லை, வாயில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. நோய் என்று தெரிந்த நாளில் தாய் அழுதுகொண்டிருப்பார், தகப்பன் பணத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார். மணமாகாத பையன், சுற்றி நிற்கும் மாமாமாருக்கும் பெரியம்மாமாருக்கும் முன்னால் இதை எப்படிக் கேட்பான்? யாராவது கேட்டாலும் 'இப்ப உயிர் தப்பினால் போதும், பிள்ளைகுட்டியைப் பிறகு பார்ப்பம்' என்று ஒரு பெரியவர் வாயை மூடிவிடுவார். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் 'பிறகு' என்று ஒன்று இந்த விடயத்தில் இல்லை. நெரிசலான கிளினிக்கில் ஐம்பது பேரைப் பார்க்கும் வைத்தியரும் தாமாகச் சொல்ல மறந்துவிடலாம்.

ஆகவே நோயாளியோடு கூடப் போகிறவர் ஒரு வாக்கியத்தை மனனம் செய்துகொண்டு போகட்டும்: 'டொக்டர், இந்த மருந்து பிள்ளை பிறக்கிறதைப் பாதிக்குமா? தொடங்க முதல் விந்து சேமிக்க நேரமிருக்கா?' வாயால் கேட்கக் கூச்சமென்றால் கிளினிக் கொப்பியில் எழுதி நீட்டலாம். தாய் தகப்பனை வெளியே அனுப்பிவிட்டு இளைஞனோடு தனியாகக் கதைக்கும்படி தாதியரிடமும் கேட்கலாம். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்களிடமே விந்தணு இருக்கக்கூடும். ஆனால் தாயை அறையில் வைத்துக்கொண்டு எந்தப் பையனும் வாய் திறக்கமாட்டான்.

அமெரிக்க சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்குக்கு 1996 ஒக்டோபரில், இருபத்தைந்து வயதில், விதைப் புற்றுநோய் உடலெங்கும் பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு விதையை அகற்றிய பின், கீமோ தொடங்குமுன் கிடைத்த ஒருசில நாட்களுக்குள் அவர் விந்து வங்கிக்குப் போய்வந்தார். அந்த விந்தால் 1999இல் மகனும், 2001இல் இரட்டைப் பெண் பிள்ளைகளும் பிறந்தார்கள். ஊக்கமருந்துக்காக 2012இல் பட்டங்களை இழந்தது வேறு கதை. எமக்கு வேண்டியது 2009இல் நடந்தது. அவ்வருடம் அவருக்கு இன்னொரு பிள்ளை, எந்தச் சிகிச்சையும் இல்லாமல் இயல்பாகவே பிறந்தது. விந்தணு திரும்பி வந்திருந்தது. சேமித்தவர்களில் பெரும்பாலானோர் அதை ஒருபோதும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. ஆனால் யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்பதை முன்கூட்டி ஒருவராலும் சொல்ல முடியாது.

சேமிக்காமல் விட்டவர்களுக்கு

கீமோ முடிந்து பல வருடமானவர்கள் இதை வாசித்து மனம் உடைய வேண்டாம். ஒரு வருடம் கழித்து விந்துப் பரிசோதனை செய்யலாம், இல்லையென்று வந்தால் பின்னரும் இடையிடையே செய்யலாம். ஐந்து வருடத்துக்குப் பிறகும் திரும்பியவர்கள் உண்டு. விந்தில் ஒன்றுமே இல்லாதபோதும், விதைக்குள் ஓரிரு இடங்களில் விந்தணு உருவாகிக்கொண்டிருக்கலாம். நுணுக்குக்காட்டியின் உதவியோடு விதையைத் திறந்து அதைத் தேடும் அறுவை முறை நியூயோர்க்கில் வகுக்கப்பட்டு 1999இல் வெளியானது. கீமோவுக்குப் பிந்திய மலட்டுத்தன்மையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதன் மூலம் விந்தணு கிடைக்கிறது. கிடைப்பதை ஊசி முறையில் மட்டுமே பயன்படுத்தலாம்.

சிகிச்சை நடக்கும்போது இதற்கு எதிர்மாறான கவனமும் வேண்டும். முதல் சில வாரங்களில் விந்தணு இன்னும் இருக்கும், மனைவி கருத்தரிக்கவும் கூடும். பழுதுபட்ட அணுவால் கரு உண்டாகாமல், சிகிச்சைக் காலத்திலும் முடிந்த பின் குறைந்தது ஆறு மாதத்துக்கும் கருத்தடை அவசியம். பல வைத்தியர்கள் ஒரு வருடம் என்பார்கள். மருந்து ஏற்றிய அடுத்த சில நாட்களுக்கு மருந்தே விந்தில் கலந்து வரக்கூடும் என்பதால் ஆணுறை அணியவேண்டும். அந்தக் காலம் கடந்தபின் இயல்பாகப் பிறக்கும் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே பெரும்பாலும் சுகமாக இருக்கிறார்கள்.

பூப்படையாத சிறுவர்களின் நிலைதான் கடினமானது. சேமிக்க விந்தணு இல்லை, ஆனால் மூலக் கலங்கள் உண்டு, அவை எரிந்துவிடலாம். சில வெளிநாட்டு நிலையங்கள் விதையின் சிறு துண்டை எடுத்து உறைய வைக்கின்றன. 2019இல் இப்படி உறைய வைத்த திசுவிலிருந்து குரங்குக்குட்டி ஒன்று பிறந்ததாக அமெரிக்காவில் வெளியிட்டார்கள். சிறுவயதில் எடுத்து வைத்த திசுவை வளர்ந்துவிட்ட ஒரு மனிதருக்கு மீள வைத்ததாக 2025இல் பிரசல்ஸ் நகரிலிருந்து செய்தி வந்தது. இது இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.

எமது நாட்டில் மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் ஏனைய அரச புற்றுநோய்ப் பிரிவுகளிலும் கீமோ இலவசமாகக் கிடைக்கிறது. விந்து சேமிப்பு பெரும்பாலும் தனியார் கருவளச் சிகிச்சை நிலையங்களிலேயே உள்ளது. அங்கே சேமிக்கும்போது ஒரு கட்டணமும், பின்னர் வருடா வருடம் பாதுகாப்புக் கட்டணமும் உண்டு. தொகையை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டறியுங்கள், நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். வருடக் கட்டணம் கட்டத் தவறினால் என்ன செய்வார்கள், சேமித்தவர் இறந்தால் விந்தை என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டியிருக்கும். அதை வாசித்து விளங்கிக் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை வீட்டில் காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். முகவரி மாறினால் நிலையத்துக்கு அறிவியுங்கள்.